ரஷ்ய ப்ளூஷ்கா மறுநாளே கல்லாகிறது, ஈஸ்ட்டைக் கூட்டினால் சரியாகுமா?

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி சொல்லிவிடுகிறேன். ரஷ்யாவில் குர்ஸ்க் நகரத்தில் மருத்துவம் படித்த ஆறு வருடமும் காலை வகுப்புக்கு ஓடும் வழியில், விடுதிக்கு எதிர்க்கடையில், இதய வடிவத்தில் சர்க்கரை உருகி ஒட்டியிருக்கும் அந்த ப்ளூஷ்கா பன்னை வாங்கித் தின்றிருக்கிறீர்கள். இப்போது திருச்சியில் வீட்டில் மூன்று தடவை செய்து பார்த்தாகிவிட்டது, ஒரு ரஷ்யச் செய்முறையை வரிக்கு வரி பின்பற்றி. சூடாக இருக்கும்போது பரவாயில்லை, ஆறினால் இறுகுகிறது, மறுநாள் காலையில் கல். ஈஸ்ட்டை இரண்டு மடங்காக்கலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, பனீரை வைத்து வத்ருஷ்கா, அதாவது நடுக்குழியில் பாற்கட்டி வைத்துச் சுடும் பன், செய்யலாமா என்றும்.

ஈஸ்ட்டைக் கூட்டாதீர்கள். நீங்கள் எழுதியதில் என் கண்ணை உறுத்தியது வேறு ஒரு வரி, போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: "மாவு கையில் ஒட்டிக்கொண்டே இருந்ததால் இன்னும் ஒன்றரைக் கப் மைதா சேர்த்துப் பிசைந்தேன்." எனக்குத் தெரிந்து உங்கள் கல்லுக்குக் காரணம் அந்த ஒன்றரைக் கப்தான். ஆனால் அது ஏன் ஒட்டியது என்பதுதான் சுவாரசியமான விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரஷ்யாவில் வோரோனெஷ் நகரத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், அதில் நாலு வருடம் ஒரு சின்ன பேக்கரியில் இனிப்பு மாவு மேசையில் வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரப் பாட்டியிடம் கற்றுக்கொண்டதுதான் அடிப்படை. ஆகவே இந்த ஊர் மாவு, இந்த ஊர் குளிர், இந்த ஊர் அடுப்பு பற்றி நம்பிக்கையோடு பேசுவேன். நம்மூர் மைதாவிலும் நம்மூர் வெயிலிலும் நான் செய்தது இரண்டே தடவைதான், ஒரு மே மாதம் அக்கா வீட்டுக்கு வந்திருந்தபோது. முதல் தடவை எனக்கும் கெட்டுப்போனது. நாலு வருடம் தினமும் செய்தவளுக்கு.

அந்தத் தோல்வியில்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. ரஷ்யச் செய்முறைகள் எல்லாவற்றிலும் எழுதாமல் விட்ட ஒரு பொருள் இருக்கிறது, அது குளிர். இங்கே வீட்டுக்குள் 20, 22 டிகிரி இருந்தால் நல்ல கதகதப்பு என்பார்கள். மாவு மூட்டை வராந்தாவில் கிடக்கும், முட்டையும் வெண்ணெயும் ஃப்ரிட்ஜில், ஜன்னல் ஓரத்தில் கையை வைத்தால் சில்லிடும். அதனால்தான் செய்முறையில் பாலைச் சூடாக்கு, வெண்ணெயை உருக்கு, பாத்திரத்தைச் சூடான இடத்தில் வை என்று திரும்பத் திரும்ப வருகிறது. எங்கள் பாட்டி மாவுப் பாத்திரத்தைத் துண்டால் மூடி, சுவரோடு ஓடும் வெந்நீர் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அதன்மேல் வைப்பார். பால் எவ்வளவு சூடு என்று கேட்டால் "பார்னோயே" என்பார், அதாவது அப்போதுதான் கறந்த பாலின் சூடு. நம் ஊரிலும் கறந்த சூடு என்றுதானே சொல்வோம், அதே அளவு. ஆனால் அந்தக் கறந்த சூட்டுப் பாலை 20 டிகிரி மாவில் ஊற்றினால் கலவை 28, 30க்கு வந்து நிற்கும். ஈஸ்ட் நிதானமாக வேலை செய்ய அதுதான் வேண்டும். நீங்கள் அதே பாலை 34 டிகிரி சமையலறையில், 34 டிகிரி மைதாவில் ஊற்றி, உருக்கிய வெண்ணெயையும் சேர்த்து, பத்து நிமிடம் பிசைந்தால், பிசையும் சூடும் சேர்ந்து மாவு காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி ஆகிவிடும். வெண்ணெய் மாவில் கலக்காமல் எண்ணெயாக நிற்கும், மாவு தளர்ந்து ஒட்டும், ஒட்டுகிறதே என்று மைதா சேர்ப்பீர்கள். அப்புறம் செய்முறையில் "இரண்டு மணி நேரம் ஊறவிடவும்" என்று போட்டிருப்பதை நம்பி இரண்டு மணி நேரம் விடுவீர்கள். அந்தச் சூட்டில் ஒரு மணி நேரத்திலேயே பொங்கி முடிந்திருக்கும். மீதி ஒரு மணி நேரம் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று தீர்க்கிறது, மாவின் பிடிப்பு தளர்கிறது. அது ஓவனில் நிறம் பிடிக்காது, லேசாகப் புளிக்கும், உள்ளே வறண்டிருக்கும்.

இதோடு அளவுக் குழப்பம் வேறு. நீங்கள் பார்த்த செய்முறையில் மாவு "ஸ்தகான்" கணக்கில் இருந்ததா? ஸ்தகான் என்றால் கண்ணாடி டம்ளர். பழைய சோவியத் பட்டை டம்ளர், பக்கவாட்டில் பட்டை பட்டையாக இருக்குமே, அதில் மேல் வளையம் வரை 200 மில்லி, விளிம்பு வரை 250 மில்லி. மாவாக அளந்தால் ஒன்று சுமார் 130 கிராம், மற்றது 160 கிராம். எழுதினவர் எந்தக் கோட்டை நினைத்தார் என்பது அவருக்கே வெளிச்சம். இதில் நம் கப் வேறு சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். இன்னும் பழைய குறிப்புகளில் மாவுக்கு அளவே இருக்காது, "எவ்வளவு வாங்குமோ அவ்வளவு" என்று மட்டும் எழுதியிருக்கும். தராசு வாங்குங்கள். சமையலறைத் தராசு இல்லாமல் இந்த பன்னைச் செய்யலாம், ஆனால் ஐம்பது தடவை செய்து கை பழகின பிறகு.

நான் செய்வது இது: மைதா 500 கிராம், பால் 220 மில்லி, முட்டை 2, சர்க்கரை 90 கிராம், வெண்ணெய் 80 கிராம், உப்பு 7 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 6 கிராம், வனிலா. மைதா பாக்கெட்டில் புரதம் 100 கிராமுக்கு 10 கிராமாவது இருக்கிறதா பாருங்கள், அதற்குக் கீழே என்றால் அது கேக்குக்கு நல்லது, இதற்குச் சரிவராது. செய்முறையில் கட்டி ஈஸ்ட் 20 கிராம் என்று இருந்தால் பயப்படாதீர்கள், இங்கே காகிதம் சுற்றின 100 கிராம் கட்டியாக விற்கும் ஈர ஈஸ்ட் அது. உலர்ந்த இன்ஸ்டன்ட் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஈஸ்ட்டைக் கூட்ட வேண்டாம் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சர்க்கரை அதிகமான மாவில் ஈஸ்ட் மந்தமாவது எண்ணிக்கை குறைவதால் இல்லை, சர்க்கரை அதன் உடம்புத் தண்ணீரை வெளியே இழுப்பதால். இனிப்பு மாவுக்கென்றே சர்க்கரை தாங்கும் ஈஸ்ட் தனியாக விற்கிறார்கள், சாஃப் இன்ஸ்டன்டில் தங்க நிறப் பாக்கெட். கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் பாட்டி செய்ததைச் செய்யுங்கள், அதாவது சர்க்கரையும் முட்டையும் வெண்ணெயும் வருவதற்கு முன்னால் ஈஸ்ட்டுக்குத் தனியாகப் பந்தி போடுங்கள்.

அந்த முன்மாவுக்கு "ஒபாரா" என்று எழுதுவார்கள், வாயில் சொல்லும்போது "அபாரா" என்று வரும். நமக்கு மறக்கவே மறக்காது. பால் முழுவதும், 200 கிராம் மைதா, ஈஸ்ட், ஒரு ஸ்பூன் சர்க்கரை, இவ்வளவுதான். இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக வரும். உங்கள் ஊர் வெயிலுக்குப் பாலைச் சூடாக்கவே வேண்டாம், காய்ச்சி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் இருந்ததை எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்தால் போதும். மூடி வையுங்கள். இனி கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். முதலில் மேலே ஊசிமுனைக் குமிழ்கள் வரும், பிறகு முழுதும் நுரைத்து நடுவில் மேடு கட்டும், பிறகு அந்த மேடு தானாகவே மெல்ல அமிழ்ந்து, மேல்தோல் பால் ஏடு மாதிரி சுருங்கும். அமிழ ஆரம்பித்த அந்த நிமிடம்தான் நேரம். வாசனை பழுத்த வாழைப்பழமும் லேசாகக் கள்ளும் கலந்த மாதிரி இருக்கும். புளிப்பு மட்டும் மூக்கில் அடித்தால் தாமதமாகிவிட்டது. இங்கே இதற்கு ஒரு மணி நேரம் ஆகும், அக்கா வீட்டில் 35 நிமிடத்தில் வந்துவிட்டது.

அமிழ்ந்ததும் முட்டை, சர்க்கரை, உப்பு, வனிலா, மீதி மைதா. கடைசி இரண்டு கைப்பிடி மைதாவை மட்டும் தனியே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மைதா எவ்வளவு தண்ணீர் வாங்கும் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. பிசைய ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடத்தில் உங்களுக்கு அழுகை வரும். விரலுக்கு விரல் ஒட்டும், பாத்திரத்தில் ஒட்டும், மேசையில் ஒட்டும். இந்த இடத்தில்தான் நீங்கள் ஒன்றரைக் கப் போட்டீர்கள். போடாதீர்கள். கையை வழித்துவிட்டு ஐந்து நிமிடம் மூடிவைத்து விலகிப் போய்விடுங்கள். திரும்பி வந்து தொட்டால் அதே மாவு பாதி சாதுவாகியிருக்கும், ஏனென்றால் மைதா அதற்குள் ஈரத்தைக் குடித்திருக்கும். பிறகு மேசையில் நீட்டி, மடக்கி, அறைந்து எட்டுப் பத்து நிமிடம். அதன்பின் வெண்ணெய், உருக்காமல், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்தில், கொஞ்சம் கொஞ்சமாக. வெண்ணெய் போட்டதும் மாவு மறுபடி பிய்ந்து வழுக்கும், பதறவேண்டாம், இரண்டு நிமிடத்தில் சேர்ந்துவிடும். மாவு சூடாகத் தெரிந்தால் வெண்ணெய்க்கு முன் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இங்கே பாட்டிகள் பெரும்பாலும் வெண்ணெயை உருக்கித்தான் ஊற்றுகிறார்கள், நன்றாகவும் வருகிறது, ஆனால் அவர்களுக்குச் சமையலறை 20 டிகிரி.

எப்போது நிறுத்துவது? "மாவு கையை விட்டு விலக வேண்டும்" என்று எல்லாக் குறிப்பிலும் எழுதியிருக்கும். அதைத்தான் பலர் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள், சப்பாத்தி மாவு மாதிரி வரவேண்டும் என்று. இது அப்படி வராது, வரவும் கூடாது. காது மடலைத் தொட்டுப் பாருங்கள், அந்த மென்மை. கொஞ்சம் பிய்த்து விரல்களுக்கு நடுவில் இழுத்தால் கிழியாமல் வெளிச்சம் தெரிகிற அளவுக்குத் தோலாக விரிய வேண்டும். விரிகிறது ஆனால் இன்னும் லேசாக ஒட்டுகிறது என்றால், முடிந்தது, விட்டுவிடுங்கள். உருட்டும்போது கையில் மைதாவுக்குப் பதில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

மாவு பொங்கும் நேரத்தைப் பற்றி இந்த ஊரில் ஏகப்பட்ட நம்பிக்கைகள். கதவை அறையக்கூடாது, சத்தம் போடக்கூடாது, சண்டை போட்டுக்கொண்டு பிசையக்கூடாது, ஜன்னலைத் திறக்கவே கூடாது. இதில் ஜன்னல் விஷயம் மட்டும் உண்மை; குளிர்காற்று பட்டால் மேல்தோல் காய்ந்து இறுகும், பிறகு மாவு பொங்க இடம் கொடுக்காது. உங்களுக்கு அது சீலிங் ஃபேன். அதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஈரத்துணியால் மூடுங்கள். சத்தத்தால் மாவு அமுங்கி நான் பார்த்ததில்லை, எங்கள் பேக்கரியில் நாள் முழுக்க ரேடியோ அலறும். மைதாவைச் சலிப்பது மாவுக்குக் காற்று ஊட்டுவதற்கு என்பார்கள். அதனால் பன் மென்மையாகிறதா என்பதில் எனக்குச் சந்தேகம்தான், கட்டியும் பூச்சியும் போகும் என்பது நிச்சயம். மாவு இரட்டிப்பானதும் ஒருமுறை அமுக்கி மடக்கிவிட்டு மறுபடி கொஞ்சம் பொங்கவிடுவார்கள். குளிர்நாட்டில் அந்த இரண்டாவது சுற்றில் மணம் கூடும். உங்கள் வெயிலுக்கு ஒரு சுற்றோடு நிறுத்திக்கொண்டு நேராக உருவம் பிடிக்கப் போய்விடுங்கள்.

அந்த இதயம் எப்படி வருகிறது என்று யோசித்திருப்பீர்கள், அச்சு எதுவும் இல்லை. இந்த அளவில் 75 கிராம் வீதம் 13 உருண்டை வரும். ஒன்றை எடுத்து நீளவாட்டில் முட்டை வடிவமாக மெல்லிசாகத் தேய்த்து, உருக்கிய வெண்ணெய் பூசி, ஒரு ஸ்பூன் சர்க்கரை தூவி, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டுங்கள். இப்போது கையில் ஒரு குழல் இருக்கும். அதை இரண்டாக மடக்கி, இரண்டு நுனிகளையும் சேர்த்துக் கிள்ளி ஒட்டிவிடுங்கள். மடிப்புப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி, நீளவாட்டில் நடுவில், முக்கால் தூரம் கத்தியால் அடிவரை வெட்டுங்கள். வெட்டிய இரண்டு பக்கங்களையும் புத்தகம் விரிக்கிற மாதிரி வெளியே திருப்பிப் படுக்க வைத்தால் உள்ளேயிருந்த சர்க்கரை அடுக்குகள் மேலே வந்துவிடும், இதயம் தயார். கத்தி அடிவரை இறங்காவிட்டால் விரியாது, இதயத்துக்குப் பதில் தவளை மாதிரி ஏதோ ஒன்று வரும், ருசி அதேதான். தட்டில் பேக்கிங் காகிதம் போடுங்கள், வழியும் சர்க்கரை தகரத்தில் பிடித்தால் சுரண்டி மாளாது.

தட்டில் மறுபடி அரை மணி நேரம். விரலால் மெதுவாக அழுத்தினால் பள்ளம் மெல்லத் திரும்ப வேண்டும். சட்டென்று துள்ளினால் இன்னும் நேரம் இருக்கிறது, திரும்பவே இல்லை என்றால் உடனே ஓவனுக்குள் தள்ளுங்கள். ஒரு மஞ்சள் கருவில் ஒரு ஸ்பூன் பால் கலந்து அடுப்புக்குப் போகும் கடைசி நிமிடத்தில் பூசுங்கள். 180 டிகிரி, 18 முதல் 20 நிமிடம். சின்ன ஓவனில் மேல்கம்பி மிக அருகில் இருப்பதால் பத்தாவது நிமிடத்திலேயே மேலே சிவந்துவிடும், உள்ளே வெந்திருக்காது. நடுத்தட்டுக்குக் கீழே வைத்து, சிவந்ததும் அலுமினியத் தாள் மூடுங்கள். உங்கள் ஓவன் காட்டும் 180 உண்மையான 180 தானா என்பது எனக்குத் தெரியாத விஷயம், அக்கா வீட்டு ஓவன் ஏறக்குறைய 20 டிகிரி பொய் சொன்னது. வெந்தது தெரிந்துகொள்ள பன்னின் நடுவில் வெப்பமானி குத்தினால் 92, 93 காட்ட வேண்டும். வெளியே எடுத்ததும் பருத்தித் துண்டால் மூடி ஆறவிடுங்கள், ஆவி தோலிலேயே தங்கி மேல்பக்கம் மென்மையாகும். இதை நீங்கள் செய்யவில்லை என்று நினைக்கிறேன், ஃபேனுக்குக் கீழே ஆறவைத்ததாக எழுதியிருந்தீர்கள்.

ருசி பற்றி ஒரு உண்மையைச் சொன்னால் வருத்தப்படாதீர்கள். நீங்கள் குர்ஸ்க்கில் தின்றது பெரும்பாலும் மார்ஜரினும் செயற்கை வனிலினும் போட்டது. மலிவான கடைப் பன் எல்லாமே அப்படித்தான். வெண்ணெயில் செய்தால் இதைவிட நன்றாக இருக்கும், ஆனால் "அந்த" ருசி கொஞ்சம் விலகும். ஏங்குவது அதற்குத்தான் என்றால் வனிலினைத் தாராளமாகப் போடுங்கள், பாதி அங்கேயே வந்துவிடும். உலர்திராட்சை சேர்க்கலாம். திராட்சைப் பன்னுக்கு மாஸ்கோவில் ஒரு கதை உண்டு: கவர்னர் ஜெனரல் ஸக்ரேவ்ஸ்கி தன் பன்னில் கரப்பான் கிடப்பதைப் பார்த்து பேக்கரிக்காரர் பிலிப்போவைக் கூப்பிட்டு அதட்ட, அவர் "அது திராட்சை ஐயா" என்று வாயில் போட்டு விழுங்கிவிட்டு, ஓடிப்போய் மாவில் கூடை கூடையாகத் திராட்சையைக் கொட்டினாராம். பிலிப்போவும் அவருடைய கடையும் நிஜம், ஸக்ரேவ்ஸ்கியும் நிஜம். கரப்பான் மட்டும் நல்ல கதைக்காகச் சேர்ந்ததாக இருக்கலாம்.

பனீர் கேள்விக்கு வருகிறேன். வத்ருஷ்கா என்பது இதே மாவுதான், உருண்டை பொங்கினதும் டம்ளர் அடியால் நடுவில் அமுக்கி அந்தக் குழியில் த்வரோக் வைத்துச் சுடுவது. த்வரோக் என்பது பாலை எலுமிச்சை பிழிந்து திரித்தது இல்லை, உறையவைத்துப் புளித்த பாலை மெதுவாகச் சூடாக்கி நீரை வடித்தது. அதனால் அதில் புளிப்பும் உதிரும் தன்மையும் இருக்கும், பனீர் சுட்டால் ரப்பராகும். கெட்டித் தயிரை மிகச் சின்னத் தீயில், கொதிக்கவிடாமல், கிளறாமல், நீர் பிரியும் வரை வைத்து, துணியில் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிடுங்கள். அதில் சர்க்கரை, ஒரு மஞ்சள் கரு, கொஞ்சம் வனிலா. நீர் நன்றாக வடிய வேண்டும், இல்லாவிட்டால் குழி முழுக்கச் சொதசொதவென்று ஆகும்.

கடைசியாக அந்த மறுநாள் விஷயம். மேலே சொன்னதெல்லாம் செய்தால் மறுநாள் காலையில் பன் மென்மையாகவே இருக்கும், ஆனால் முதல் நாள் மாதிரி இருக்காது, யார் செய்தாலும். எங்கள் கடையில் அதிகாலையில் சுட்டு அன்றைக்கே விற்றுத் தீர்த்துவிடுவோம், நீங்கள் குர்ஸ்க்கில் ஒருநாளும் நேற்றுச் சுட்ட பன்னைத் தின்றிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், ரொட்டி வகைகள் சீக்கிரம் இறுகுவது அந்தக் குளிரில்தான். ஆறினதும் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் போட்டு, வேண்டும்போது 150 டிகிரியில் எட்டு நிமிடம் சுட வையுங்கள். அதற்கும் தப்பி மிஞ்சினதை எங்கள் பாட்டி விரல் பருமனுக்கு அறுத்து, தணிந்த அடுப்பில் பொன்னிறமாகக் காயவைத்து டப்பாவில் போடுவார். சுகாரி என்று பெயர். பால் ஊற்றாத கறுப்புத் தேநீரில் முக்கினால் ஓரம் மட்டும் இளகும், நடுவில் மொறுமொறுப்பு நிற்கும். உங்கள் மூன்றாவது தடவைக் கற்கள் இன்னும் இருந்தால் அவற்றையும் இப்படிச் செய்து பாருங்கள்.